இரட்டைக்கோடு போட்டவர்

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவருக்கு இரண்டு பெண்கள். எங்கோ குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும் அந்தப் பெண்கள் இதைப் படித்து மனம் நோகக் கூடாது. அவர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள். கம்பெனியில் நாங்கள் எல்லோரும் அவரைக் 'கட்டம் சார்' என்றுதான் சொல்வோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில் நான் கோர் ஷாப்பில் வேலை பார்த்தேன். வார்ப்புக்குள் எங்கே ஓட்டை விழ வேண்டுமோ அங்கே வைப்பதற்காக மணலைப் பிசைந்து அச்சில் அடித்து ஓர் உரு செய்ய வேண்டும். அதுதான் கோர். அந்த வேலைக்கு முழுக்கப் பெண்கள்தான். கோரின் மூலை கொஞ்சம் உதிர்ந்தாலும் வார்ப்பு கெட்டுவிடும், தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதனால் மூலை என்றால் எங்களுக்கு உயிர். கட்டம் சாருக்கும் அப்படித்தான். எங்கள் மூலை மணலில், அவர் மூலை காகிதத்தில்.

வருகை, ஷிப்டுக் கணக்கு பார்க்கிற டைம் ஆபீசில் உட்கார்ந்திருப்பார். ஒல்லியான ஆள். எப்போது பார்த்தாலும் கட்டம் போட்ட சட்டை. நெற்றியில் மூன்று விபூதிக் கோடு, ஒன்றை ஒன்று தொடாது, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இருக்கும். பிரதோஷம் வந்தால் பெர்மிஷன் போட்டுவிட்டு திருப்பாச்சூர் சிவன் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். அதுதான் அவர் ஊர். நான் பெரியபாளையத்து அம்மனே கதி என்று கிடப்பவள். சாமிக்குப் பயந்த மனுஷன் என்று தெரிந்தால் எனக்குப் பாதி நம்பிக்கை தானாக வந்துவிடும். மீதிப் பாதியை அவர் கோடு போட்டே வாங்கிக்கொண்டார்.

அவர் மேஜையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். கருப்புத் திரை. பக்கத்தில் கீச் கீச்சென்று அடிக்கும் பிரின்டர். இரண்டு ஓரமும் வரிசையாக ஓட்டை போட்ட காகிதம். அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் வராது, படம் வராது. ஆனால் எழுத்தோடு எழுத்தாகச் சில கோடுகள் உள்ளே இருக்கின்றன என்று ஒரு முறை எனக்குக் காட்டினார். படுத்த கோடு ஓர் எழுத்தாம். நின்ற கோடு ஓர் எழுத்தாம். நாலு மூலைக்கும் நாலு எழுத்து. கீபோர்டில் தேடினால் அவை கிடைக்காது. இடது கட்டைவிரலால் ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் எண்ணை அடித்தால் வரும். இருநூற்று ஒன்று என்றால் இரட்டைக்கோட்டின் மேல் இடது மூலை. இருநூற்று ஐந்து என்றால் படுத்த இரட்டைக்கோடு. வாய்க்குள் எண்ணை முணுமுணுத்துக்கொண்டே அடிப்பார். ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர்களுக்கு மனுஷன் ஜபம் பண்ணுகிறார் என்றே தோன்றும்.

கட்டம் முழுசாக மூடாமல் அதற்குள் ஒரு வார்த்தை அடிக்க மாட்டார். காகிதம் வெளியே வந்ததும் நாலு மூலையையும் நகத்தால் தடவிப் பார்ப்பார். "மூலை சேந்துதா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். அந்தக் கேள்வி அவர் வாயில் எல்லாவற்றுக்கும் வரும். வீட்டில் சண்டை தீர்ந்ததா என்பதற்கும் "மூலை சேந்துதாம்மா?" பிள்ளைக்கு ஜுரம் விட்டதா என்பதற்கும் அதேதான்.

என்னோடு கோர் அடித்த நூர்ஜஹான் பொன்னேரியிலிருந்து ரயிலில் வருவாள். வாய் சும்மா இருக்காது. "ஏ கஸ்தூரி, சாரு ஊட்ல தோசய ரவுண்டா சுட மாட்டாங்கோ, தெரியுமா? சதுரமாத்தான் சுடணும். மூல பிஞ்சிருந்தா அந்தம்மாவுக்கு அன்னிக்கு நாஷ்டா கெடயாது" என்பாள். அவர் காதில் விழும்படிதான் சொல்வாள். அவரும் சிரித்துக்கொண்டே போவார்.

ஆரம்பத்தில் நோட்டீஸ் பலகையில் ஒட்டுவதெல்லாம் வெறும் இங்கிலீஷ். நான் எட்டாவது வரை படித்தவள். தமிழ் நன்றாகப் படிப்பேன். இங்கிலீஷில் என் பெயரைக் கண்டுபிடிப்பேன், அவ்வளவுதான். மற்ற பெண்களும் அப்படியே. கையால் தமிழில் எழுதி ஒட்டினால் என்ன என்று கேட்டதற்கு, அதெல்லாம் டீக்கடைக்குத்தான் லாயக்கு என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். ஒரு முறை ஷிப்டு மாற்றிப் போட்டிருந்தது தெரியாமல் நாங்கள் எல்லோரும் காலையிலேயே வந்து கேட்டில் நின்றோம். எனக்கு ஆத்திரம். டைம் ஆபீஸ் ஜன்னலில் தலையை விட்டுச் சத்தம் போட்டேன்.

"இன்னா சார் எழுதி ஒட்டிகிறீங்க? எங்குளுக்கு இன்னா தெரியும்? கலெக்டருக்குப் படிச்சிட்டா மண்ணு பெசைய வந்துகிறோம்?"

அவர் கோபப்படவில்லை. அந்தக் கருப்புத் திரையைத் திரும்பிப் பார்த்தார். "எழுத்த மாத்த என்னால முடியாதும்மா. கோட்ட மாத்தலாம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சில நாள் கழித்து, டீ குடிக்கிற நேரத்தில் எங்களைப் பலகை முன்னால் நிறுத்தி மூன்று காகிதங்களைக் காட்டினார். மூன்றிலும் கட்டம் மட்டும்தான், உள்ளே வெறுமை.

"இத பாருங்க. ஒத்தக்கோடுன்னா ஷிப்டு, டூட்டி சமாச்சாரம். யார்னா ஒருத்தர படிக்கச் சொல்லிக் கேட்டுக்குங்க. ரெட்டக்கோடுன்னா நல்ல சேதி. லீவு, போனஸு, அந்த மாதிரி. கெட்டியா கருப்புப் பட்டை அடிச்சிருந்தா கெட்ட சேதி. சாவு, ஆக்சிடென்டு, வேலைக்கு ஆபத்து. கருப்ப பாத்தா எதையும் தொடாதீங்க. நேரா எங்கிட்ட வாங்க."

"சார், நீங்க மாத்திகீத்தி போட்டுட மாட்டீங்களே?" என்றாள் நூர்ஜஹான்.

"எழுத்து பொய் சொல்லும்மா. கோடு சொல்லாது. நான் சொல்ல வுட மாட்டேன்."

சொல்லிவிட்டு இரட்டைக்கோட்டுக் காகிதத்தின் மூலையை நகத்தால் ஒரு தடவு தடவினார். எங்களுக்குச் சத்தியம் செய்து கொடுத்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பலகை எங்களுடையது ஆகிவிட்டது. கேட்டுக்குள் நுழையும்போதே, எழுத்து தெரியாத தூரத்திலேயே, இன்றைக்குச் சேதி நல்லதா கெட்டதா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். மெஷின் ஷாப் பையன்கள், ஐ.டி.ஐ. படித்தவர்கள், எங்களைக் கிண்டல் பண்ணுவார்கள். "கட்டம் பாத்து பலன் சொல்ற ஜோசியக்காரிங்க வந்துட்டாங்கப்பா!" பண்ணட்டுமே. அவர்கள் பக்கத்தில் போய் மூக்கை ஒட்டிப் படிப்பதற்குள் நாங்கள் போனஸ் வந்ததற்குச் சிரித்து முடித்திருப்போம்.

அவரைப் பற்றி எழுதும்போது நியாயத்தையும் எழுத வேண்டும், இல்லையென்றால் அம்மன் பொறுக்க மாட்டாள். உருக்குப் பிரிவில் இருந்த ஒருவர் வேலை முடிந்து சைக்கிளில் மெயின் ரோட்டைத் தாண்டும்போது லாரி அடித்து இறந்துபோனார். அன்றைக்குப் பெரிய ஆர்டர் ஒன்று அவசரமாகப் போக வேண்டியிருந்தது. சேதியைச் சின்னதாக ஒற்றைக்கோட்டில் போடு, வேலை நிற்கக் கூடாது என்று மேனேஜர் சொன்னதை ஜன்னலுக்கு வெளியே நின்ற நாங்களே கேட்டோம்.

"சாவுக்கு ஒத்தக்கோடு போட எனக்குக் கை வராது சார்."

"இவ்ளோ கருப்பு அடிச்சா ரிப்பன் தீந்துடும்யா."

"ரிப்பன் நான் வாங்கியாறேன் சார்."

அந்த நோட்டீசில் பட்டை அவ்வளவு கெட்டியாக இருந்தது. நாங்கள் மணல் கையோடு வெளியே வந்து நின்றோம். உருக்குப் பிரிவு ஆட்களும் வந்தார்கள். வேலை நின்றது. ஒரு கோட்டுக்கு இத்தனை பேர் கட்டுப்படுகிறார்கள் என்பதை மேனேஜர் அன்றைக்குத்தான் பார்த்திருக்க வேண்டும். பார்த்ததை மறக்கவில்லை.

என் மகள் பவானிக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது கட்டம் சாரிடம்தான் போனேன். ஜோசியர் எழுதிக் கொடுத்த ஜாதகம் மடித்து மடித்து நைந்துபோயிருந்தது. "இதக் கொஞ்சம் புதுசா போட்டுக் குடுங்க சார். ஜாதகமும் கட்டம்தானே" என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு சாப்பாட்டு வேளையை அதற்கே செலவழித்தார். வெளியே இரட்டைக்கோடு, உள்ளே ஒற்றைக்கோடு. இரட்டையும் ஒற்றையும் ஒட்டுகிற இடத்துக்குத் தனியாக ஓர் எழுத்து இருக்கிறதாம், அதைத் தேடிப் பிடித்துப் போட்டார். நடுவில் ராசி என்பதற்கு இடம் விட்டு, பன்னிரண்டு வீடும் ஒரே அளவில். கிரகங்களின் பெயரைப் பேனாவால் மணிமணியாகத் தமிழில் எழுதினார்.

"நல்ல காரியமாச்சே, அதான் வெளிய ரெட்ட போட்டேன்" என்றார். "மூலை சேந்துதா பாருங்கம்மா."

நகத்தால் தடவிப் பார்த்தேன். சேர்ந்திருந்தது. பெரியபாளையத்துக்குக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்துக் குங்குமம் இட்டு வாங்கிவந்தேன். பொருத்தமும் அமைந்தது. ஊத்துக்கோட்டைப் பக்கம் நல்ல குடும்பம். பையனின் அம்மா அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியதுமே, "கட்டமே லட்சணமா கீதே!" என்றாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "நீ கம்பெனில பெர்மனென்ட்டா?"

நான் அப்போது கேஷுவல், தினக்கூலிதான். எங்கள் கோர் ஷாப் முழுக்கவே வருஷக்கணக்காகக் கேஷுவல். பெர்மனென்ட் ஆனால் சொசைட்டியில் கல்யாணக் கடன் கிடைக்கும். இல்லையென்றால் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரர் வருமானத்தில் அந்தக் கல்யாணம் நடக்காது. "சீக்கிரம் ஆயிடுவோம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். கம்பெனியிலும் அப்படித்தான் பேச்சு அடிபட்டது. பவானி அப்போது தபால் வழியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். ரிசல்ட் வந்ததும் நிச்சயம் செய்துகொள்ளலாம் என்றார்கள். நான் ஆடியில் வேப்பிலை கட்டிக் கோயிலைச் சுற்றுவதாக வேண்டிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் தொடங்கினார்கள். நோட்டீஸ்களையும் அதில் ஏற்ற வேண்டும், சென்னை ஆபீசில் உட்கார்ந்தே பார்க்க வேண்டும் என்று உத்தரவு. கட்டம் சாருக்கு மேஜையில் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அவர் தன் நோட்டீசை அப்படியே அதில் ஏற்றியிருக்கிறார். மறுநாள் டீ வாங்க வந்தவர் முகம் செத்துப்போயிருந்தது.

"இன்னா சார், ஊட்ல யார்க்குனா ஒடம்பு சரியில்லியா?" என்றேன்.

"கோடெல்லாம் போச்சும்மா. படுத்த கோடு இருக்க வேண்டிய எடத்துல, தலை மேல ரெண்டு புள்ளி வெச்ச இங்கிலீஷ் ஏ, வரிசையா. வலது பக்கம் மேல் மூலையில தலைகீழா ஒரு கேள்விக்குறி. என் மூலைல வந்து கேள்விக்குறி நிக்குது, பாருங்க."

நூர்ஜஹான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. வெப்சைட் செய்து கொடுத்த சென்னைப் பையன், "யார் சார் இன்னும் இதெல்லாம் பண்றாங்க? கட்டத்தப் படமா போட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டானாம். கட்டம் சார் விடவில்லை. அங்கே அதே கோட்டுக்கு வேறு எண் என்று கண்டுபிடித்தார், நீள நீளமான எண்கள். எழுத்தெல்லாம் ஒரே அகலத்தில் நிற்கவில்லை என்றால் வலது பக்கச் சுவர் பல்லிளிக்கும் என்று அதற்கும் வழி தேடினார். பல நாள் போராட்டம். கடைசியில் ஒரு நாள் டீக் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, "அங்கேயும் மூலை சேந்துட்டுதும்மா" என்றார். குழந்தை பிறந்த சேதி சொல்கிற மாதிரி சொன்னார். எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது? நாங்கள் யாரும் இன்டர்நெட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. ஆனாலும் அவருக்காகச் சந்தோஷப்பட்டோம்.

ஒரு நாள் வேலைக்கு நடுவில் கோர் ஷாப் பெண்களை மட்டும் டைம் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். பலகையில் புதிதாக ஒரு நோட்டீஸ். தூரத்திலிருந்தே தெரிந்தது, இரட்டைக்கோடு. "வந்துட்டுதுடி!" என்று நூர்ஜஹான் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பெர்மனென்ட்! சில பேர் அழுதுவிட்டார்கள். நான் பெரியபாளையம் இருக்கிற திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். பவானியைத் தாலியோடு என் கண்ணால் பார்த்துவிட்டேன் அந்த நிமிஷத்தில்.

உள்ளே மேஜை மேல் இங்கிலீஷ் காகிதங்கள் கத்தையாக இருந்தன. முதல் பக்கத்தில் அதே இரட்டைக்கோட்டுக் கட்டம். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்த முகமாக இருந்தார். கட்டம் சார் பக்கத்தில் நின்று, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினார். எனக்கு முன்னால் நின்ற நூர்ஜஹான், "சார், இனிமே நாங்களும் உங்குளாட்டம் பெர்மனென்ட்டு. ஸ்வீட்டு எங்க?" என்றாள்.

அவர் நிமிரவில்லை. "போடும்மா" என்றார்.

என் முறை வந்தது. "மூலை சேந்துதா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அதற்கும் அவர் நிமிரவில்லை. அவர் விரல் கையெழுத்துப் போடும் இடத்திலேயே இருந்தது. அன்றைக்கு அவர் எந்தக் காகிதத்தின் மூலையையும் தடவிப் பார்க்கவில்லை. அதை அப்போது கண்டேன், ஆனால் மனசில் வாங்கவில்லை.

அடுத்த நாள் காலை எங்கள் பஞ்சிங் கார்டுகள் வழக்கமான இடத்தில் இல்லை. வாட்ச்மேன் சுவரோரம் புதிதாக அடித்திருந்த ஒரு மரச்சட்டத்தைக் காட்டினார். "உங்குளுது இனிமே அங்கம்மா. நீங்கல்லாம் கான்ட்ராக்டர் ஆளுங்களாச்சே." கார்டில் யாரோ ஒரு கான்ட்ராக்டர் பெயர். மெஷின் ஷாப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுப் பலகையில் இருந்ததைப் படிக்கச் சொன்னோம். படிக்கப் படிக்க அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. எங்கள் சம்மதத்தின் பேரில் நாங்கள் கம்பெனியை விட்டு விலகிக் கான்ட்ராக்டரிடம் சேர்கிறோம். இத்தனை வருஷ வேலைக்கும் கம்பெனிக்கும் இனி ஒரு சம்பந்தமும் இல்லை. அதே வாசகத்துக்கடியில்தான் நாங்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

நான் டைம் ஆபீசுக்குள் நேராகப் போனேன். யாரும் தடுக்கவில்லை.

"எங்குளுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாதுன்னுதானே சார் கோடு குடுத்தீங்க?"

அவர் மேஜை மேல் கிடந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

"கருப்பு போட்டிருந்தா நாங்க அந்தப் பேனாவத் தொட்டிருப்போமா? நீங்கதானே சார் தொடாதீங்கன்னு சொல்லிக் குடுத்தீங்க?"

"மேனேஜர்தாம்மா ரெட்டக்கோடு போடச் சொன்னாரு. அது போட்டாத்தான் சத்தமில்லாம கையெழுத்து வாங்க முடியும்னாரு. முடியாதுன்னேன். அப்ப நீயும் அந்தக் கான்ட்ராக்டர்கிட்டயே போயிடுன்னாரு. எனக்கும் ரெண்டு பொண்ணும்மா."

"எனக்கு ஒண்ணு சார். ஒண்ணே ஒண்ணு."

அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. வந்தால்? வேறு யாருக்கும் கேட்காத குரலில், "இன்னொரு எடத்துல சரியா போட்டிருக்கேம்மா" என்றார். பைத்தியம் மாதிரி என்னவோ உளறுகிறார் என்று நினைத்தேன். நெற்றியில் அந்த மூன்று கோடு அன்றைக்கும் நேராகத்தான் இருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

ஊத்துக்கோட்டைக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. மரியாதையாகத்தான் விலகிக்கொண்டார்கள். ஜாதகத்தைக்கூட மடிப்புக் கலையாமல் திருப்பித் தந்தார்கள். பவானி சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து விரலால் கோடு கிழித்துக்கொண்டே இருந்தாள். அந்த ஆடியில் நான் பெரியபாளையம் போனேன். அம்மா, நான் யாரை நம்பியது தப்பு என்று சன்னதியில் நின்று கேட்டேன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு அடுத்த நாளும் லீவு என்று இரட்டைக்கோட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அடுத்த நாள் கோர் ஷாப் பெண்கள் அத்தனை பேரும் வேலைக்கு வந்து நின்றோம். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் பட்டாசுக் குப்பையைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் வாயைப் பிளந்தார்.

"இன்னாம்மா இது பேஜாரு? லீவுன்னு ரெட்டக்கோட்ல ஒட்டிகீதே, பாக்கலியா?"

"பாத்தோம் நைனா. அதான் வந்தோம்" என்றாள் நூர்ஜஹான்.

உள்ளே டைம் ஆபீஸ் ஜன்னலில் கட்டம் சார் நிற்பது தெரிந்தது. கணக்கு முடிக்க அவர் மட்டும் வந்திருந்தார் போலிருக்கிறது. அவர் காதில் அது விழுந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கட்டம் போட்டு எதையும் நான் பார்க்கவில்லை. நோட்டீசெல்லாம் வெறும் எழுத்தாக வர ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் கம்பெனியின் வேறு ஆபீசுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது எங்கள் பக்கம் வந்து சொல்லிக்கொள்ளவில்லை.

பவானியின் ரிசல்ட் வருகிற நாளில் பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு அவளோடு போனேன். கூட்டம், நம்பர் அடித்தால் பக்கம் திறக்கவே இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில், "அம்மா, உன் கம்பெனியப் பாக்குறியா?" என்று என்னவோ அடித்தாள். கம்பெனி கேட்டின் படம் வந்தது. அப்புறம் நோட்டீஸ்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. போனஸ், இரட்டைக்கோடு. ஷிப்டு, ஒற்றைக்கோடு. அவள் கீழே இறக்கிக்கொண்டே போனாள்.

"நில்லு" என்றேன்.

கருப்பு. சாவுக்குப் போடுகிற அதே கெட்டிக் கருப்புப் பட்டை. பவானி குனிந்து படித்தாள். படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, இது உங்கள கான்ட்ராக்டுக்கு மாத்துனதும்மா. நீ கையெழுத்துப் போட்டது."

அப்போதுதான் அவர் சொன்ன அந்த இன்னொரு இடம் எது என்று புரிந்தது. பலகையில் எங்களுக்கு இரட்டைக்கோடு. இங்கே கருப்பு. கருப்புக்கு என்ன அர்த்தம் என்று உலகத்தில் எங்களுக்கு மட்டும்தான் தெரியும். நாங்கள் வரவே முடியாத இடமாகப் பார்த்து அதை வைத்திருக்கிறார். சென்னை ஆபீசுக்கு அது வெறும் அலங்காரம். மேனேஜர் கண்ணில் பட்டிருந்தாலும் அவருக்குப் பயமில்லை, அதைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்களே. திரையில் விரலை வைத்து மேல் மூலையைத் தடவினேன். கண்ணாடி சூடாக இருந்தது. ஒரு கேள்விக்குறி இல்லை, ஓர் இடைவெளி இல்லை. நாலு மூலையும் சுத்தமாகச் சேர்ந்திருந்தது.

அதை ஒரு தாளில் பிரின்ட் எடுத்து நூர்ஜஹானிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் மணல் கையால் மூலையைத் தடவிப் பார்த்தாள். கிண்டலுக்கு வாய் திறப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"அல்லா கண்ல படட்டும்னு போட்டுகிறாரு கஸ்தூரி. நம்ம கண்ல படணும்னு போடல."

அவ்வளவுதான் சொன்னாள். தாளை என் கையில் கொடுத்துவிட்டு மணலைப் பிசையப் போய்விட்டாள்.

பவானி பாஸானாள். பிறகு ஆவடிப் பக்கம் ஒரு வரன் வந்தது. ஜாதகம் கேட்டார்கள். பெட்டியைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்தேன். அம்மன் குங்குமம் ஓரத்தில் அப்படியே இருந்தது. வெளியே இரட்டைக்கோடு. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது நல்ல சேதி என்று என் மனசு நம்ப மறுத்தது. கிழித்துப் போடவும் கை வரவில்லை, குங்குமம் பட்ட காகிதம். அடியில் வைத்துப் பெட்டியை மூடினேன்.

பவானியின் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து, ஒரு வெள்ளைத்தாளில் பென்சிலால் நானே கட்டம் போட்டேன். சாமி விளக்குக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து போட்டேன். ஒரு கோடு வெளியே நீண்டுவிட்டது, ஒன்று எட்டவே இல்லை. பவானி எட்டிப் பார்த்து, "அம்மா, மூலையே சேரலம்மா" என்று சிரித்தாள்.

"தெரியுது. இருக்கட்டும்" என்றேன்.